ஒப்புக்குச் சப்பாணியும் கிருபையும்

கேள்வி: சின்ன வயதில் விளையாடிய சாதாரண விளையாட்டுகளிலிருந்து, ஒரு கிறிஸ்தவராக நீங்கள் கற்றுக்கொண்ட ஆவிக்குரிய பாடம் ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் சண்டே ஸ்கூலில் சொல்லித் தருகிற வகைப் பாடம் இல்லை. பட்டத்தின் நூல்தான் ஜெபம், பம்பரத்தின் ஆணிதான் விசுவாசம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அர்த்தம் ஒட்டுவார்களே, அதில் எனக்கு அவ்வளவாக ஒட்டுதல் இல்லை. மனது வைத்தால் துடைப்பத்துக்கும் அப்படி ஒரு அர்த்தம் கண்டுபிடித்துவிடலாம். நான் சொல்ல வருவது, விளையாடும்போது நமக்கே நடந்த விஷயங்களைப் பற்றி. கிருபை (தகுதி பார்க்காமல் கிடைக்கிற தயவு) என்ற வார்த்தை காதில் விழுவதற்கு முன்பே, அது எப்படி இருக்கும் என்பது எனக்கு விளையாட்டில் தெரிந்துவிட்டது.

ஓடிப்பிடித்து விளையாடுகிற கூட்டம் எதிலும் ஒரு வாண்டு இருக்கும். ஒழுங்காக ஓட வராது, விதி புரியாது, பிடிக்க வருவது யார் என்பதுகூடத் தெரியாது. "இதெல்லாம் ஆட்டைக்கு வேண்டாம்" என்று பெரிய பிள்ளைகள் சொல்வார்கள். "அவன் இல்லேன்னா நானும் வரல" என்று அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அக்கா நன்றாக ஓடுகிறவள், அவளை விட மனசு வராது. கொஞ்ச நேர இழுபறிக்குப் பிறகு, "சரி, ஒப்புக்குச் சப்பாணியா இருந்துட்டுப் போகட்டும்" என்று தீர்ப்பாகும். எங்கள் கூட்டத்தில் அந்த வாண்டு நான்தான்.

ஒப்புக்குச் சப்பாணியை யார் தொட்டாலும் அவுட் கிடையாது. அவன் யாரைத் தொட்டாலும் கணக்கில் வராது. இது எல்லோருக்கும் தெரியும், அவனைத் தவிர. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவேன். பிடிக்க வருகிற பையன் என் சட்டை நுனி வரைக்கும் கையை நீட்டிவிட்டு, "ஐயோ, தப்பிச்சுட்டானே!" என்று தலையில் அடித்துக்கொள்வான். எனக்குத் தலைகால் புரியாது. அன்றைக்கு ஜெயித்தவன் யாரோ, ஆனால் என் அளவுக்குச் சந்தோஷப்பட்டவன் அந்தக் கூட்டத்தில் யாரும் இருந்திருக்க மாட்டான்.

பல வருஷம் கழித்து 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தபோதுதான் இது நினைவுக்கு வந்தது. இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் பேரன் மேவிபோசேத். அவனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, தாத்தாவும் அப்பாவும் போரில் செத்த செய்தி வர, தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த ஓட்டத்தில் விழுந்து இரண்டு காலும் முடமாகிப் போயிற்று. தாவீது ராஜாவானதும், தன் உயிர் நண்பனும் மேவிபோசேத்தின் அப்பாவுமான யோனத்தானுக்காகத் தயவு காட்ட சவுலின் வீட்டில் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று விசாரிக்கிறான். லோதேபாரில் ஒதுங்கிக் கிடந்தவனை அழைத்து வருகிறார்கள். "செத்த நாயைப்போலிருக்கிற என்னை" என்றுதான் அவன் தன்னைப் பற்றிப் பேசுகிறான். ராஜாவோ அவனைத் தன் குமாரரில் ஒருவனைப்போலப் பந்தியில் உட்கார வைக்கிறான்.

அவனிடம் எந்தத் தகுதியும் இல்லை. யோனத்தானின் பெயர்தான் அவனை உள்ளே கொண்டுவந்தது, என்னை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது அக்காவின் பெயர் என்பதுபோல. இன்னொன்றும் கவனியுங்கள். அவன் கால் குணமானதாக வேதம் சொல்லவே இல்லை. நித்தம் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டு, இரண்டு காலும் முடமாயிருந்தது என்று மறுபடியும் நினைவூட்டித்தான் அந்த அதிகாரம் முடிகிறது. பந்திக்கு வந்துவிட்டான், கால் மட்டும் பழையபடிதான். இரட்சிக்கப்பட்ட பிறகும் நம் பலவீனங்கள் அப்படியே இருக்கின்றனவே என்று உடைந்துபோகிறவர்கள் அந்தக் கடைசி வசனத்தை ஒருதரம் வாசிக்கலாம்.

இந்த ஒப்பீடு ஓரிடத்தில் இடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். தேவன் நம்மை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வதில்லை. எபேசியர் 2:19 நம்மை "தேவனுடைய வீட்டார்" என்கிறது. அவர் கணக்கில் நாம் நிஜமாகவே இருக்கிறோம்.

அப்புறம் கண்ணாமூச்சி. சின்னக் குழந்தை ஒளிவதைப் பார்த்திருப்பீர்கள். மேஜைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்ளும், இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்பா அந்தக் கால்களைத் தாண்டிப் போய், "காணோமே, எங்கே போயிட்டா?" என்று அலமாரியைத் திறந்து பார்ப்பார். உள்ளே சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையே ஆடும். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் குழந்தை தானே "நான் இங்க இருக்கேன்!" என்று கத்திவிடும். அதற்கு ஒளிந்திருப்பதில் பெரிய ஆசை இல்லை. கண்டுபிடிக்கப்படுவதில்தான் முழு ருசியும்.

ஆதியாகமம் 3-இல் நடப்பது இதன் தலைகீழ். ஆதாமும் ஏவாளும் தோட்டத்தின் மரங்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். "நீ எங்கே இருக்கிறாய்" என்று தேவன் கூப்பிடுகிறார். அவருக்குத் தெரியாதா? மேஜைக்கு வெளியே நீட்டிய கால்கள் அந்த அப்பாவுக்குத் தெரிகிற மாதிரி நன்றாகவே தெரியும். ஆனாலும் கேட்கிறார், அவர்களே குரல் கொடுக்கட்டும் என்று. ஆதாமின் பதிலில் வருகிற வார்த்தை "பயந்து". வளர்ந்தவர்களாகிய நாம் ஒளிவது பெரும்பாலும் அந்த மாதிரிதான், யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று. பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால் பரலோகராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டீர்கள் என்று மத்தேயு 18:3-இல் இயேசு சொன்னதற்கு மனத்தாழ்மை என்று விளக்கம் சொல்வார்கள். அடுத்த வசனமே அதைத்தான் சொல்கிறது, சரி. ஆனால் "நான் இங்க இருக்கேன்" என்று கத்துகிற அந்த அவசரமும் அதில் சேரும் என்று எனக்குத் தோன்றும்.

கண்ணாமூச்சியில் ஒரு பயங்கரமும் உண்டு. ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒளிந்துகொண்டால், தேடுகிறவர்கள் சலித்துப்போய் வேறு ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். முதலில் பெருமையாக இருக்கும். அப்புறம் காது கூர்மையாகும். யாருடைய செருப்புச் சத்தமும் கேட்காது. இருட்டிக்கொண்டு வரும்போது தொண்டை அடைக்கும். அந்த நிலையில் ஒரு தடவையாவது இருந்தவனுக்கு லூக்கா 15-இல் வரும் அந்தப் பெண்ணைப் பிடித்துப்போகும். பத்து வெள்ளிக்காசில் ஒன்று தொலைந்ததற்கு விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, "கண்டுபிடிக்கிறவரைக்கும்" தேடுகிறாள். மிச்சம் ஒன்பது இருக்கிறதே என்று படுத்துவிடவில்லை.

இயேசு பிள்ளைகளின் விளையாட்டை நின்று பார்த்திருக்கிறார் என்பதற்கு மத்தேயு 11-இல் ஓர் இடம் இருக்கிறது. சந்தைவெளியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் தங்கள் தோழரிடம் குறைசொல்கிறார்கள்: "உங்களுக்காகக் குழல் ஊதினோம், நீங்கள் கூத்தாடவில்லை, உங்களுக்காகப் புலம்பினோம், நீங்கள் மாரடிக்கவில்லை." கல்யாண விளையாட்டுக்கும் வரமாட்டார்கள், சாவு வீட்டு விளையாட்டுக்கும் வரமாட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் இப்படி ஒருவன் உண்டு. எந்த ஆட்டம் சொன்னாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓரமாக நிற்பான். இயேசுவுக்கு முன்னோடியாக வந்த தீர்க்கதரிசி யோவான் ஸ்நானன் உபவாசத்தோடு வந்தான், பிசாசு பிடித்தவன் என்றார்கள். இயேசு சாப்பிட்டுக் குடித்து வந்தார், போஜனப்பிரியன் என்றார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாட்டு அதிகம், பிரசங்கம் நீளம் என்று மட்டும் பேசுகிற நமக்கும் (என்னையும் சேர்த்துத்தான்) இந்த வசனம் கொஞ்சம் சுடும்.

விளையாட்டை ரொம்பவும் புனிதப்படுத்திவிடவும் கூடாது. பிள்ளைகள் கொடூரமாகவும் விளையாடுவார்கள், பெரியவர்கள் அதைவிட. கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பவனை அடித்து, எந்தக் கையால் அடித்தேன் என்று கேட்கிற ஆட்டம் பழைய கிரேக்கர்களிடம் இருந்தது. லூக்கா 22:64-ஐ வாசியுங்கள். இயேசுவைப் பிடித்து வைத்திருந்தவர்கள் அவர் கண்களைக் கட்டி, முகத்தில் அறைந்து, உன்னை அடித்தவன் யார் சொல் என்று கேட்கிறார்கள். அது பிள்ளை விளையாட்டின் உருவத்தில் வந்த வதை. ஒருவனை நடுவில் நிறுத்திச் சுற்றி நின்று சிரிக்கிற எந்த ஆட்டத்தையும் அதற்குப் பிறகு என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

மணல் வீட்டைப் பற்றி, மணலின்மேல் கட்டிய வீடு விழுந்த இயேசுவின் உவமையோடு சேர்த்து எல்லோரும் சொல்வதால் நான் விட்டுவிடுகிறேன்.

"குழந்தைக்கேற்றவைகளை ஒழித்துவிட்டேன்" என்று அப்போஸ்தலன் பவுல் 1 கொரிந்தியர் 13-இல் சொல்கிறாரே என்று யாராவது கேட்கலாம். அவர் அங்கே பேசுவது, இப்போது குறைவாக அறிகிற நாம் ஒருநாள் முழுவதும் அறிவோம் என்பதைப் பற்றி. விளையாட்டுக்கு எதிரான வசனம் இல்லை அது. எருசலேம் மீண்டும் செழிக்கும் என்பதற்கு சகரியா 8:5 தருகிற அடையாளமே, வீதிகள் நிறைய விளையாடுகிற ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும்தான். கி.பி. 386-இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அழுதுகொண்டிருந்த அகஸ்டினுக்கு (பின்னாளில் பெரிய கிறிஸ்தவ இறையியலாளர் ஆனவர்), "எடுத்து வாசி, எடுத்து வாசி" என்று ஒரு பிள்ளை பாடுவது பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது. எந்த விளையாட்டிலாவது இப்படி ஒரு பாட்டு வருமா என்றுதான் அவர் முதலில் யோசித்தார். அப்படி எதுவும் நினைவுக்கு வராததால், தேவனே சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு பவுலின் நிருபத்தைத் திறந்தார். ரோமர் 13-இன் கடைசி வசனங்கள் கண்ணில் பட்டன. அவர் மனந்திரும்பியது அங்கேதான்.

ஒருவேளை சண்டே ஸ்கூல் வகுப்புக்காக இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், ஒரு வார்த்தை. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பிள்ளைகள் ஆசை தீர ஆடி முடிக்கட்டும். யாரை ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டார்கள், யார் போய் அவனுக்காகப் பேசினார்கள் என்பதை மட்டும் கவனித்து வையுங்கள். அடுத்த வாரம் எந்தக் கதையை எடுக்கலாம் என்பதற்கு அதுவே போதும்.