ஸ்கோப்பைக் கழற்றியதும் குறி ஏன் சிதறுகிறது?

கேள்வி: இரண்டு வருடமாக ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்த ரைபிளில்தான் சுட்டுப் பழகினேன். இப்போது கோச் அதைக் கழற்றிவிட்டு ஓப்பன் சைட்டில் சுடச் சொல்கிறார். 50 மீட்டரில் டார்கெட் அட்டை முழுக்கக் குண்டு சிதறுகிறது. கை நடுக்கம்தான் காரணமா?

பதில்: கையை விடுங்கள், முதலில் கண்ணைக் கவனியுங்கள். ஸ்கோப்பில் குறுக்குக்கோடும் டார்கெட்டும் ஒரே தெளிவில் தெரியும், அந்தப் பழக்கத்தில் நீங்கள் இப்போதும் டார்கெட்டையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஓப்பன் சைட்டில் லென்ஸ் கிடையாது. கண்ணுக்குப் பக்கம் பள்ளம் வெட்டிய பின் சைட், குழலின் நுனியில் நிற்கும் முன் சைட், டார்கெட் மூன்றும் வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன, கண்ணால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அந்த ஒன்று முன் சைட்டாக இருக்க வேண்டும். டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும், அது அப்படித்தான் தெரிய வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். இரண்டு சைட்டுக்கும் இடையே 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மி.மீ. ஒதுங்கினாலே 50 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் போய்விடும். சர்வதேசப் போட்டி அட்டையில் கறுப்பு வட்டத்தின் குறுக்களவே 11 செ.மீ. சொச்சம்தான், அதாவது நடுவில் குறிவைத்த குண்டு கறுப்புக்கே வெளியே. ஆனால் சைட் இரண்டும் சரியாகச் சேர்ந்திருந்து, கை அசைந்து அந்தக் குறி டார்கெட்டில் 1 செ.மீ. விலகி நின்றால் குண்டும் அந்த 1 செ.மீ.தான் விலகும். அதனால் அசைவை அடக்கப் போராடாமல், முன் சைட்டின் இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிகிறதா, அதன் உச்சி பின் சைட்டின் மேல்விளிம்போடு சமமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே டிரிகரை மெதுவாக அழுத்துங்கள். குண்டு போன பிறகும் ஒரு நொடி அப்படியே பார்த்திருங்கள். கடைசியாக முன் சைட் எங்கே நின்றது என்று அட்டையைப் பார்க்கும் முன்பே சொல்ல முடிந்தால் சரியான வழியில் போகிறீர்கள். எனக்கு இந்தப் பயிற்சி பிடிக்கும், ஸ்கோப் மறைத்துவிடுகிற சோம்பலை இது உடனே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: குண்டு இல்லாமல் வெறுமனே டிரிகரை அழுத்திப் பழகலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் எல்லா ரைபிளிலும் இல்லை. ஸ்பிரிங் ஏர் ரைபிளில் பெல்லட் (அதன் சிறு குண்டு) இல்லாமல் அழுத்தினால் உள்ளே பிஸ்டன் தடுப்பில்லாமல் மோதும், செய்யவே வேண்டாம். .22 ரைபிள்கள் சிலவற்றில் குண்டை வெடிக்க வைக்கும் ஊசி, சேம்பரின் (குண்டு அமரும் குழியின்) விளிம்பில் அடித்துக் கெடுக்கும், அதற்கென்று விற்கும் போலிக் குண்டைப் போடுங்கள். அறையில் நிஜக் குண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது, சேம்பரை இரண்டு முறை திறந்து பாருங்கள். சுவரில் எந்தப் படமும் வேண்டாம், வெற்றுச் சுவரே போதும், கண் தானாக முன் சைட்டுக்கு வந்துவிடும்.

கேள்வி: வயது 48. முன் சைட்டே மங்கலாகத் தெரிகிறது. ஸ்கோப்புக்கே திரும்பிவிடவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இந்த வயதில் கண்ணின் லென்ஸ் இறுகிப்போவதால் பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. படிக்கிற கண்ணாடி இதற்கு உதவாது, அது முன் சைட்டை விடக் கிட்டத்தில் இருப்பதற்கானது. ரைபிளைத் தோளில் வைத்தால் கண்ணிலிருந்து முன் சைட் எத்தனை செ.மீ. என்று அளந்து கண் மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்தத் தூரத்துக்கே லென்ஸ் தருவார். இன்னொரு வழி, பின் சைட்டில் பள்ளத்துக்குப் பதில் சிறு துளை இருக்கும் பீப் சைட். சின்னத் துளை வழியே பார்த்தால் முன் சைட்டும் டார்கெட்டும் ஓரளவு சேர்ந்தே தெளியும். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளிலும் ஸ்கோப் கிடையாது, இந்த வகைச் சைட்தான்.

கேள்வி: குண்டு எப்போதும் இடப்பக்கமே விழுகிறது. சைட்டை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்?

பதில்: பின் சைட்டை வலப்பக்கம். குண்டு எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட், முன் சைட் என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். அப்புறம், ஒரே ஒரு குண்டைப் பார்த்துவிட்டுத் திருகாதீர்கள், குறைந்தது ஐந்து குண்டு சுட்டு அவை ஒரே இடத்தில் கூடுகின்றனவா என்று பார்த்தபின் தொடுங்கள்.