விலைவாசி அளவுக்கே சம்பளம் உயர்ந்தாலும் வருமான வரி ஏன் கூடுகிறது?

வரி விலக்கு வரம்பு என்பது, இவ்வளவு வருமானம் வரை வரி கிடையாது என்று அரசு போடும் கோடு. விலைவாசி ஏறினால் அது தானாக ஏறாது. பட்ஜெட்டில் உயர்த்தினால்தான் உண்டு.

டெல்டாவில் தூர் வாராத வாய்க்காலைப் பாருங்கள். வண்டல் படிந்து அடித்தரை மேடாகியிருக்கும், கரை அதே உயரம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து வழக்கமான தண்ணீர்தான் வரும், ஆனாலும் கரை வழியும். விலைவாசிதான் அந்த வண்டல், சம்பளம்தான் தண்ணீர், வரி விலக்கு வரம்புதான் அந்தக் கரை. கரை உயராததால் வழிகிற பகுதிக்குத்தான் வரி.

வருமான வரியில் பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு. பழைய வரி முறையில் 60 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2014இல் வைத்த 2.5 லட்சம் வரம்பு இன்னும் அசையவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன். புதிய முறையில் 2025-26 முதல் 4 லட்சம்.

அப்புறம், பழைய முறையில் 10 லட்சத்தைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 30 சதவீதம் என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை, தாண்டிய தொகைக்கு மட்டும்தான்.