பழைய டெஸ்க்டாப்பில் 4 டிபி ஹார்ட் டிஸ்க்கும் ஒரு எஸ்எஸ்டியும் கூடுதலாக மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். கணினிப் பாகங்கள் வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பும் முன் மூடியைக் கழற்றி, மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா போர்ட் எத்தனை காலி, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எத்தனை சாட்டா பவர் முனை மிச்சம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். டேட்டா கேபிள் பெரும்பாலும் டிஸ்க்கோடு வராது, தனியாக வாங்க வேண்டும்.

பவர் முனை போதவில்லையென்றால் பழைய மோலெக்ஸ் பவர் முனையைச் சாட்டா முனையாக்கும் மோலெக்ஸ்-சாட்டா மாற்றி வாங்குவார்கள். இங்கேதான் கவனம் தேவை. ஒயரைச் சுற்றி பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை வேண்டவே வேண்டாம். உள்ளே 12 வோல்ட், 5 வோல்ட் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு, உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. ஒயர்கள் தனித்தனியாகச் செருகப்பட்டு, பின்பக்கம் கழற்றும் மூடியுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும்; நைந்த எஸ்எம்பிஎஸ் என்றால் கணினி அந்த நொடியில் ரீஸ்டார்ட் ஆகும்.

3.5 அங்குல இடத்தில் எஸ்எஸ்டி பொருந்த ஒரு பிராக்கெட் போதும். அதற்கு எம்3 திருகு; ஹார்ட் டிஸ்க்கின் தடித்த திருகை முறுக்கினால் மரை போய்விடும்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் 4 டிபிக்கு ஜிபிடி என்ற பகிர்வு முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையான எம்பிஆர் என்றால் 2 டிபிக்கு மேல் பயன்படாது. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் பழையதாக இருந்தாலும், பூட் செய்யாத டேட்டா டிஸ்க்குக்கு ஜிபிடி தடையில்லை. பயாஸில் சாட்டா இயங்கும் முறை ஐடிஇ என்றிருப்பதை ஏஎச்சிஐ என்று உடனே மாற்றாதீர்கள். பழைய விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும்.