கண்மாய்க் குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: எங்கள் ஊரில் நீர்நிலைகளைச் சுத்தம் செய்யும் தன்னார்வக் குழு நடத்துகிறோம். புதியவர்கள் ஆர்வமாக வருகிறார்கள், இரண்டு மூன்று வாரத்தில் காணாமல் போகிறார்கள். அவர்களைத் தக்கவைக்க என்ன செய்யலாம்?

மதுரையிலிருந்து மேலூர் போகிற பக்கம் கண்மாய் வேலை பார்க்கும் ஒரு குழுவில் பல வருடமாக இருக்கிறேன். ஞாயிறு காலை கரையில் கூடுவோம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாருவது, சீமைக்கருவேலத்தை அகற்றுவது, மடையோரம் குப்பை அள்ளுவது, இவ்வளவுதான் வேலை. 2017 தை மாதம் மதுரை தமுக்கம் மைதானத்திலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஏகப்பட்ட பேர் அப்புறம் எங்களிடம் வந்தார்கள். சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதும் அதே சமயம்தான். ஆளுக்குப் பஞ்சமே இல்லை. சித்திரை வெயில் ஏறியதும் பாதிக் கூட்டம் கரைந்துவிட்டது.

முதல் நாள் வரவேற்பில் யாரும் குறை வைப்பதில்லை. பெயர் கேட்கிறோம், போட்டோ எடுக்கிறோம், வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறோம். கோளாறெல்லாம் இரண்டாவது வாரத்தில்தான். அந்தப் பிள்ளை வந்து ஓரமாக நிற்கும். பழைய ஆட்கள் போன மாதத்துப் பஞ்சாயத்தைத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். பெயரும் மறந்திருக்கும். "தம்பி, அந்தா கிடக்குற பாட்டிலப் பொறுக்குங்க" என்று ஒரு குரல் வரும். மூன்றாவது வாரம் அவர் ஏன் வரப்போகிறார்?

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். யார் புதுசு என்பது அவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், தொழில் பழக்கம். புதியவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். கருவேலத்தை மேலோடு வெட்டினால் ஒரே மழையில் மறுபடி தழைத்துவிடும், மண்ணைத் தோண்டித் தூரோடு எடுக்கணும், முள் செருப்பைத் துளைத்துவிடும், அடுத்த தடவை ஷூ போட்டு வாங்க என்றெல்லாம் சொல்லிக்கொடுத்துக் கடப்பாரையைக் கையில் தருவார். கிளம்பும்போது, "இந்தத் தூரு பாதியில நிக்குது, அடுத்த வாரம் நீங்கதான் வந்து முடிக்கணும்" என்பார். அவரிடம் சிக்கியவர்கள்தான் அதிகம் நின்றிருக்கிறார்கள். தனக்கென்று முடியாத வேலை ஒன்று கிடக்கிறது, போகாவிட்டால் "எங்கப்பா அந்தத் தம்பி?" என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார். இது போதும் பலருக்கு.

இனிச் சொல்வதை வெளியில் யாரும் பேசமாட்டார்கள். எங்கள் பக்கம் புதியவரிடம் "நீங்க எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பார்கள். சரி. அடுத்தது "அங்க எந்தத் தெரு?" அதற்கடுத்தது "அங்க யாரு வீடு?" எதைத் தெரிந்துகொள்ள இந்தக் கேள்வி என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சிரித்த முகத்தோடு ஏதோ சொல்லிவிட்டுப் போவார். பிறகு போன் பண்ணினால் "கொஞ்சம் வேலைண்ணே" என்பார். ஊரோடு நிறுத்திக்கொள்வது என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். மீறி யாராவது தெருவுக்குள் நுழைந்தால், வயதில் மூத்தவர்களே "அண்ணே, மொதல்ல மண்வெட்டியப் பிடிங்க" என்று பேச்சை வெட்டிவிடுவார்கள். இளையவர்கள் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் பெரியவர்கள் வாயால் வருவது முக்கியம். இதைச் சரிசெய்யாமல் சான்றிதழும் டீசர்ட்டும் கொடுத்துப் பயனில்லை என்பது என் கருத்து.

பெண்கள் நிலைக்காததற்குக் காரணம் தேடி ரொம்ப யோசிக்க வேண்டாம். நாலு மணி நேரம் கரையில் நிற்கிறார்கள், ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை பார்ப்பார்கள். எந்தக் கண்மாய் என்று முடிவானதுமே பக்கத்தில் ஒரு வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ சொல்லிவைத்துவிடுங்கள்.

டவுனிலிருந்து வருபவர்களை ஒரு நாள் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அந்த ஊர் நீர்க்கட்டியோடு கண்மாயைச் சுற்றி நடக்கவிடலாம். எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்குப் பாயும், கண்மாய் நிரம்பி உபரித் தண்ணீர் கலுங்கில் எப்போது மறுகால் போகும் என்று அவர் வாயால் கேட்ட பிறகு, குப்பை அள்ளுவது வேறு மாதிரி ஆகிவிடும்.

போகிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லணும். அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஊர் ஊராக மக்கள் நடந்து வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வந்தவர்கள் வயலுக்கும் வேலைக்கும் திரும்பினார்கள், அதில் என்ன தப்பு? எங்கள் பிள்ளைகளும் படிப்பு முடிந்து சென்னை, திருப்பூர் என்று போகத்தான் செய்வார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர்களை நீக்காதீர்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் கரைப்பக்கம் தலைகாட்டினால், "இத்தனை நாளா எங்க போனீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.