வாசகர் கேள்வி – பதில்: ஐந்து முகங்களுக்கு ஒரே கட்டம்

கேள்வி: பிரதமர் கித்தார் வாசிக்கிறார். அமைச்சர்கள் உணவங்காடி நிலையத்தில் வரிசையில் நிற்கும் படங்களைப் பதிவேற்றுகிறார்கள். எதிர்க்கட்சியினரும் அதையே செய்கிறார்கள். இவையெல்லாம் நம்மை ஏமாற்றும் வேலைதானே? – வாசகர், ஈசூன்

பதில்: ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். மக்களிடம் வாக்குக் கேட்டு வருபவர், தம்மை அவர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று யோசித்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார். 1959ல் சிங்கப்பூரில் ஆட்சிக்கு வந்த மக்கள் செயல் கட்சித் தலைவர்களின் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் நன்கு யோசித்து உருவாக்கப்பட்ட தோற்றம்தான். எங்கள் கை சுத்தமானது என்பதை அந்த உடை பார்த்தவுடன் சொல்லிவிடும். ஆனால் அதற்குப் பின்னால் 1960ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டமும், அமைச்சரையும் விசாரிக்கத் தயங்காத லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவும் நின்றதால்தான் அந்த வெள்ளை உடைக்கு மரியாதை கிடைத்தது. நம் சமூக மேடைகளில் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது நம்மில் பலர் மனம் வருந்தினோம். ஒருவரது பொதுத்தோற்றத்தை மட்டும் வைத்து நம்மால் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. விசாரணை அமைப்பு இருந்ததால்தான் உண்மை வெளிவந்தது.

தோற்றத்தைப் போலியாகத் தயாரிப்பது வேறு விஷயம். தேர்தல் காலத்தில் வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோலவும் செய்யாததைச் செய்ததுபோலவும் மின்னிலக்க முறையில் உருவாக்கிப் பரப்புவதை 2024ல் நிறைவேறிய சட்டம் தடைசெய்கிறது. இது வரவேற்கத்தக்கது. என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. ஒருவர் பாடுபட்டுச் சேர்த்த நற்பெயர், வாக்காளர் பெயர்கூட அறியாத இன்னும் நால்வரை நாடாளுமன்றத்துக்குள் அழைத்துச் செல்லும்படி நம் தேர்தல் முறை அமைந்திருக்கிறது. அடுத்து வரும் கடிதம் அதைத்தான் கேட்கிறது.

கேள்வி: 2020ல் எங்கள் குடும்பமே அப்போதைய மூத்த அமைச்சர் திரு தர்மன் சண்முகரத்னத்துக்காகத்தான் வாக்களித்தது. அவர் அதிபர் தேர்தலுக்காக விலகியபின் எங்கள் தொகுதியில் இடைத்தேர்தல் ஏன் நடக்கவில்லை? – வாசகி, ஜூரோங்

பதில்: சட்டப்படி அதற்குக் கட்டாயம் இல்லை, அம்மா. குழுத்தொகுதியில் ஒரு கட்சியின் பல வேட்பாளர்கள், குறைந்தது ஒரு சிறுபான்மை இனத்தவர் உட்பட, ஒரே அணியாக நின்று சேர்ந்தே வெல்கிறார்கள் அல்லது தோற்கிறார்கள்; அதில் எல்லா உறுப்பினர்களும் பதவி இழந்தால் மட்டுமே இடைத்தேர்தல் நடத்தியாக வேண்டும். ஒரே ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி அப்படியில்லை. ஹவ்காங் குடியிருப்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், காலியான தனித்தொகுதிக்கு நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தப் பிரதமர் கடமைப்பட்டவர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013ல் தெளிவுபடுத்தியது. தனித்தொகுதியில் வசிப்பவருக்கு இருக்கும் இந்த உரிமை உங்களுக்கு இல்லாமல் போனதற்கு, உங்கள் புளோக் எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் விழுந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

2020ல் ஜூரோங் அணி சுமார் 74.6 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. நாட்டிலேயே அதுதான் மிக அதிகம். அதில் எவ்வளவு கட்சிக்காக, எவ்வளவு திரு தர்மனுக்காக என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் வாக்குச்சீட்டே அதற்கு இடம் கொடுப்பதில்லை. வாக்குச்சாவடித் தடுப்புக்குள் நின்று அந்தத் தாளை நினைத்துப் பாருங்கள். ஐந்து வேட்பாளர்களின் பெயர்களும் படங்களும் வரிசையாக இருக்கும். பக்கத்தில் கட்சிச் சின்னம். அந்த ஐவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டம். அதில் பேனாவை அழுத்தினால் பெருக்கல் குறி விழும். மூவரைப் பிடிக்கிறது, இருவரைத் தெரியவே தெரியாது என்பதை அந்தக் குறியால் சொல்ல முடியாது.

இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2011ல் அல்ஜுனிட் வாக்காளர்கள் பாட்டாளிக் கட்சியைத் தேர்ந்தெடுத்தபோது, அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ தம் அணியோடு சேர்ந்து தோற்றார். அவரை நாடாளுமன்றத்தில் வைத்துக்கொண்டே எதிர்க்கட்சிக் குரலையும் கூட்ட விரும்பிய வாக்காளருக்கு வழியே இருக்கவில்லை. ஆக, இந்த முறை ஒரு கட்சிக்கு மட்டும் எப்போதும் சாதகம் என்று நான் வாதிடவில்லை. யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற தெளிவை அது வாக்காளரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது என்பதுதான் என் குறை.

1988ல் இம்முறை வந்தபோது சிறுபான்மையினர் பிரதிநிதித்துவமே காரணமாகச் சொல்லப்பட்டது. 2006ல் முன்னாள் பிரதமர் திரு கோ சோக் டோங் இன்னொரு பயனையும் ஒளிக்காமல் சொன்னார்: முதல் தேர்தலில் வெல்லும் வாய்ப்புக்கு ஓரளவாவது உறுதி இல்லாவிட்டால் திறமையுள்ள இளையர் பலர் தங்கள் வேலையைப் பணயம் வைத்து அரசியலுக்கு வரமாட்டார்கள் என்பது அவர் கருத்து. வெளிப்படையாகப் பேசியதற்காக அவரை மதிக்கிறேன். ஆனாலும், பழகிய அமைச்சரின் பெயரில் உள்ளே வருபவர், தம்மை மக்கள் தேர்ந்தெடுத்தார்களா என்று எப்படி அறிவார்? 1988ல் குழுவுக்கு மூவராக இருந்தது, 1997ல் அறுவர் வரை வளர்ந்தது. இப்போது நால்வர் அல்லது ஐவர். 2025 தேர்தலில் மொத்த 97 இடங்களில் 82 இடங்கள் குழுத்தொகுதிகளுக்கு உரியவை. அந்த 82 பேரில் ஒருவர்கூடத் தனியாக மக்கள் தீர்ப்பைச் சந்திக்கவில்லை.

பெரிய அணி திரட்டச் சிறிய கட்சிகளால் முடியாமல் போவதும் உண்டு. 2001ல் 84 இடங்களில் 55 இடங்கள் வேட்புமனு நாளிலேயே போட்டியின்றி நிரம்பின. அண்மையில் 2025லும் மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் ஐந்து இடங்களுக்குப் போட்டியே இல்லை. அங்கே முதன்முறையாக வாக்களிக்கக் காத்திருந்த இளையருக்காக நான் மிகவும் வருந்தினேன்.

கேள்வி: குழுத்தொகுதியை எடுத்துவிட்டால் இந்தியர்களுக்கு இடம் கிடைக்குமா? நம் தலையில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாமா? – வாசகர், சிராங்கூன்

பதில்: இந்த அச்சத்தை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். மக்கள்தொகையில் பத்தில் ஒருவராக இருக்கும் நமக்கு நாடாளுமன்றத்தில் நம் முகம் இருக்க வேண்டும். ஆனால் நம் அனுபவம் அச்சத்தை மட்டும் காட்டவில்லை. 1981ல் ஆன்சன் தனித்தொகுதி இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம் வென்று, 1968 முதல் ஒரே கட்சி மட்டும் அமர்ந்திருந்த நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 2016ல் புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் முரளி பிள்ளை சுமார் 61 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். எதிர்த்து நின்றவர் நன்கு அறிமுகமான எதிர்க்கட்சி அரசியல்வாதி சீ சூன் ஜுவான். 2023 அதிபர் தேர்தலில், எந்த இனத்துக்கும் ஒதுக்கப்படாத போட்டியில், திரு தர்மன் இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து 70.4 விழுக்காடு பெற்றார். இவர்கள் யாரும் அணியின் நிழலில் வந்தவர்கள் அல்லர்.

எனினும் எல்லாரும் திரு தர்மன் ஆகிவிட முடியாது. அவருக்குப் பல ஆண்டுப் பொதுவாழ்வு கொடுத்த பெயர் இருந்தது. முதல்முறை நிற்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அது இராது. ஆகவே உத்தரவாதம் வேண்டும், ஆனால் உறுதியான உத்தரவாதமாக வேண்டும். இப்போதுள்ள முறை அப்படி உறுதியானதா? 2017ல் மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியிலிருந்து திருவாட்டி ஹலிமா யாக்கோப் அதிபர் தேர்தலுக்காக விலகினார். எஞ்சிய மூவரும் சீனர்கள். 2020 வரை அந்த இடம் நிரப்பப்படவில்லை. வழக்குத் தொடுத்தும் பலனில்லை. சிறுபான்மையினருக்காகவே உண்டாக்கப்பட்ட ஏற்பாடு, சிறுபான்மை உறுப்பினர் விலகியதும் சும்மா இருந்தது. நம் அச்சத்தைக் காட்டி இம்முறையைக் காப்பவர்கள் முதலில் இந்த ஓட்டையை அடைத்திருக்க வேண்டும்.

வேறு வழிகள் உள்ளன. நியூசிலாந்து 1993ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தன் முறையை மாற்றி, 1996ல் புதிய முறையில் முதல் தேர்தலைக் கண்டது. அங்கே வாக்காளருக்கு இரண்டு வாக்குகள்: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. கட்சிப் பட்டியலிலிருந்து வரும் இடங்கள், ஒவ்வொரு கட்சியின் மொத்த பலத்தையும் அது பெற்ற வாக்கு விகிதத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருகின்றன. மாவோரி மக்களுக்கு 1867 முதல் தனி இடங்களும் உண்டு. நாம் அதை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களைத் தனித்தொகுதிகளாக்கி, மீதியைக் கட்சிப் பட்டியலுக்கு விட்டு, ஒவ்வொரு பட்டியலின் முன்வரிசையிலும் மலாய், இந்திய வேட்பாளர்கள் இருந்தாக வேண்டும் என்று சட்டம் செய்தால், நம் பிரதிநிதித்துவமும் பாதுகாப்பாக இருக்கும், வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியும் குறையும். 2025ல் ஆளும் மக்கள் செயல் கட்சி பெற்ற வாக்கு 65.57 விழுக்காடு, பெற்ற இடங்கள் 97ல் 87. இப்படி மாறினாலும் அது வசதியான பெரும்பான்மையோடு ஆளும். தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவர்களுக்கு இடம் தரும் தொகுதியில்லா உறுப்பினர் ஏற்பாடு இந்த இடைவெளியை ஓரளவு மறைக்கிறதே தவிர நிரப்புவதில்லை.

கேள்வி: தமிழ்நாட்டின் கட்-அவுட், சுவரொட்டி அரசியலோடு ஒப்பிட்டால் நாம் எவ்வளவோ மேல் அல்லவா? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அளவில் மேல்தான். அங்கே அரசு விளம்பரங்களில் தலைவர் படங்களைக் கட்டுப்படுத்த இந்திய உச்ச நீதிமன்றமே 2015ல் தலையிட நேர்ந்தது. மறு ஆண்டே முதலமைச்சர்கள், அமைச்சர்களின் படங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆனால் இங்கே நம் புளோக்குக் கீழே தொங்கும் தீபாவளி வாழ்த்துப் பதாகையைப் பாருங்கள். எதிர்க்கட்சி வென்ற தொகுதியில்கூட அரசு சார்ந்த சமூக அமைப்பான மக்கள் கழகத்தின் அடித்தள அமைப்புகளுக்கு ஆலோசகராக நியமிக்கப்படுபவர் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர். பல வேளைகளில் அங்கே தோற்ற வேட்பாளரே அவர். அரசாங்கத் திட்டங்களை மக்களிடம் கொண்டுசெல்பவர் அரசாங்கத்தை ஆதரிப்பவராக இருக்க வேண்டும் என்பது அரசாங்கம் தரும் விளக்கம். எனக்கு அது போதவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் நிகழ்ச்சியில் முன்வரிசையில் அமரும் உரிமை, அந்த மக்கள் தேர்ந்தெடுத்தவருக்கே முதலில் உரியது.

கேள்வி: வீடு மாறாமலே எனக்குத் தொகுதி மாறிக்கொண்டிருக்கிறது. சீர்திருத்தம் என்றால் எதை முதலில் செய்ய வேண்டும்? – வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: நீங்கள் கேட்ட எல்லை விவகாரத்தையே முதலில் செய்யலாம் என்பேன். உங்கள் தனித்தொகுதி 2020ல் 54.8 விழுக்காட்டில் முடிவான கடும்போட்டியைக் கண்டது. 2025ல் ஜூரோங் ஈஸ்ட்-புக்கிட் பாத்தோக் குழுத்தொகுதிக்குள் கரைந்தது. எல்லை மறுஆய்வுக் குழுவைப் பிரதமர் நியமிக்கிறார். அதில் இருப்பவர்கள் மூத்த அரசு அதிகாரிகள். அவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அறிக்கை வெளியானது 2025 மார்ச் 11, வாக்களிப்பு மே 3. இடையே எட்டு வாரம்கூட இல்லை. ஆஸ்திரேலியாவில் எல்லை மாற்ற வரைவைப் பொதுமக்கள் முன் வைத்து ஆட்சேபங்களைக் கேட்கிறார்கள். இந்தியாவில் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஆணையம் அமைகிறது. இங்கே 2024 ஆகஸ்டில் இதுபற்றி நாடாளுமன்றத்தில் வந்த தீர்மானம் நிறைவேறவில்லை.

முதலில் இதைச் சொல்ல ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. குழுத்தொகுதி அரசியலமைப்பின் 39ஏ பிரிவில் இருக்கிறது; அதைத் தொட மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். எல்லை வரையும் பொறுப்பைச் சுயேச்சையான ஆணையத்திடம் கொடுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை எழுத்தில் வெளியிட வைத்து, அறிக்கைக்கும் வாக்களிப்புக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று விதிக்கச் சாதாரணச் சட்டத்திருத்தமே போதும். அடுத்த பொதுத்தேர்தல் நெருங்குவதற்குள் அதைச் செய்துமுடிக்க இந்த நாடாளுமன்றத்துக்கு நேரம் இருக்கிறது. உங்கள் உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் சென்று, இந்தத் திருத்தத்தை அவர் ஆதரிப்பாரா என்று நேரடியாகக் கேளுங்கள்; அவர் தரும் பதிலை எங்களுக்கும் எழுதுங்கள்.