மகளுக்கு வின்யாசா, அம்மாவுக்கு எது?

கேள்வி: எனக்கு 46 வயது. கடல்பாசி வளர்ப்பு வேலை. கரையில் உட்கார்ந்து கயிற்றில் விதைப்பாசி கட்டுவது, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று மிதவையைச் சுத்தம் செய்வது என்று பொழுது போய்விடும், ராத்திரி இடுப்பு விண்ணென்று வலிக்கும். காலேஜ் படிக்கும் மகள் செல்போனைப் பார்த்து வின்யாசா யோகா செய்கிறாள், என்னையும் கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டு டீச்சரோ மெதுவான யின் யோகாதான் எனக்குச் சரி என்கிறார். எதைச் செய்யட்டும்?
– வாசகி, மண்டபம்

பதில்: மகள் செய்வது மகளுக்கு நல்லது. நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு, மூச்சோடு சேர்த்து ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததற்கு நிற்காமல் போகிற வின்யாசா இதயத்துக்கும் தசைக்கும் வேலை கொடுக்கும். உங்களுக்கு அந்த வேலை கடலிலேயே ஆகிவிடுகிறது. களைத்த உடம்போடு வேகமாகச் செய்தால், நிலை தப்புவதைக் கவனிக்கவும் முடியாது.

அதற்காக யின்னில் எல்லாமே உங்களுக்கு ஒத்துவரும் என்று நினைக்காதீர்கள். தசையைத் தளர்த்திவிட்டு ஒரே நிலையில் 3 முதல் 5 நிமிடம் இருந்து, மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களை மெல்ல இழுப்பது அந்த முறை. அதில் முன்னால் குனிகிற ஆசனங்கள் நிறைய. காலையிலிருந்து குனிந்தே கிடந்த முதுகை மறுபடி குனிய வைத்து இழுக்கவே வேண்டாம்.

சாயங்காலம், சாப்பிடுவதற்கு முன்னால் பாயில் குப்புறப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, நெஞ்சை மட்டும் தூக்கி ஒரு நிமிடம் இருங்கள். அப்புறம் மல்லாந்து முழங்காலை மடக்கி, மூச்சை இழுக்கும்போது இடுப்பைத் தூக்கி, விடும்போது இறக்குங்கள், 6 தடவை போதும். கடைசியாகக் காலைச் சுவரில் சாய்த்து 5 நிமிடம் படுத்திருங்கள் (பிரஷர், கண் அழுத்தம் இருந்தால் இதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்).

1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களுக்கு விறுவிறுவென்று கற்றுக்கொடுத்த கிருஷ்ணமாச்சாரியார்தான், பின்னாளில் சென்னையில் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மூச்சைப் பார்த்து மெதுவாகச் செய்யச் சொல்லிக் கொடுத்தார். ஆளைப் பார்த்து முறையை மாற்றினார். அதனால் வேலை இல்லாத நாளில் மகளோடு சேர்ந்து இரண்டு சுற்று சூரிய நமஸ்காரம் தாராளமாகச் செய்யலாம், ஆனால் அவள் வேகத்துக்கு இல்லை, உங்கள் மூச்சின் வேகத்துக்கு. குனியும்போது முழங்கால் மடங்கியே இருக்கட்டும். வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினாலோ பாதம் மரத்துப்போனாலோ, எந்த யோகாவும் வேண்டாம், முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.