இத்தாலியின் நாட்டுப்புறச் சிற்றூர் ஒன்றில் தங்க விரும்பினால் எந்த ஊருக்குப் போகலாம்? அருகில் எவற்றைப் பார்க்கலாம்?

ரோம், புளோரன்ஸ் போன்ற நகரங்களைப் பார்த்து முடித்தபின் நாட்டுப்புறத்தில் ஓர் ஊரில் தங்கி, அங்கிருந்து சுற்றுவட்டாரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தயங்காமல் சொல்லும் ஊர் பியன்சா. டஸ்கனியின் தென்பகுதியில், வால் டோர்ச்சா எனப்படும் ஓர்ச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிய மேட்டின் விளிம்பில் அமைந்திருக்கும் இவ்வூரில் சுமார் 2,000 பேர்தான் வசிக்கிறார்கள். மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம் என்பதால், வருகிறவர்களில் பலர் ஓரிரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம், இரவு தங்குங்கள். பள்ளத்தாக்கைப் பார்க்கும்படி திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் இது. அந்தப் பள்ளத்தாக்கின் நிறம் காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று.

இவ்வூரின் பழைய பெயர் கொர்சின்யானோ. எனேயா சில்வியோ பிக்கொலோமினி 1405இல் இங்கே பிறந்து, 1458இல் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவரானார். மறு ஆண்டு மாந்துவா நகருக்குப் போகும் வழியில் பிறந்த ஊரில் தங்கியவர், அதன் நலிவைக் கண்டு, அதைப் புதிதாகக் கட்டும் பொறுப்பைப் பெர்னார்டோ ரொசெல்லினோ என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார். 1462க்குள் சதுக்கமும் பேராலயமும் அரண்மனையும் எழுந்துவிட்டன. ஊரும் போப்பின் பெயரால் பியன்சா ஆயிற்று. பத்தாயிரம் பொற்காசுகளில் முடியும் என்று மதிப்பிட்ட வேலைக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் செலவாயிற்று. ஆனாலும், உண்மைச் செலவை முன்பே சொல்லியிருந்தால் இந்தக் கட்டடங்கள் எழுந்தே இருக்காது என்று கூறி, ரொசெல்லினோவைப் பாராட்டிப் பரிசளித்ததாகப் போப் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1996இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004இல் பள்ளத்தாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

பேராலயத்துக்குள் நிதானமாக நேரம் செலவிடுங்கள். ஜெர்மானிய நாடுகளில் தாம் பார்த்த தேவாலயங்களை மனத்தில் வைத்து, உள்ளே வெளிச்சம் நிறைந்திருக்க வேண்டும் என்று பயஸ் விரும்பினார். அதற்காகத் தென்கோடியில் உயரமான சன்னல்கள் வைக்கப்பட்டன. வெண்மையான சுவர்களிலும் தூண்களிலும் யாரும் ஓவியம் தீட்டவோ மாற்றம் செய்யவோ கூடாது என்று 1462இல் ஆணையும் பிறப்பித்தார். ஆனால் அந்த ஒளிக்காகக் கட்டடத்தைச் சரிவின் மேல் நீட்டிக் கட்ட வேண்டியிருந்தது. அடியிலுள்ள மண் உறுதியற்றது. ஆகவே பீடப் பகுதி நூற்றாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கி வருகிறது. வாசலிலிருந்து பீடத்தை நோக்கி நடக்கும்போது தரை சாய்வது காலுக்குத் தெரிகிறது. சுவரில் விரிசல்களையும் காணலாம். இவ்வளவு அழகான இடத்தில் இவ்வளவு கவலையோடு நான் நின்றதில்லை.

அடுத்திருக்கும் பிக்கொலோமினி அரண்மனையின் மூன்று பக்கங்கள் இறுக்கமான கல் முகப்புகள். தெற்குப் பக்கம் மட்டும் மூன்று அடுக்குத் தூண் தாழ்வாரங்களாகத் திறந்து, கீழே தோட்டத்தையும் அதற்கப்பால் பள்ளத்தாக்கையும், தொலைவில் 1,738 மீட்டர் உயரமுள்ள அமியாட்டா மலையையும் காட்டுகிறது. பார்த்து மகிழ்வதற்காகவே ஓர் இயற்கைக் காட்சியை நோக்கி வீடு கட்டும் வழக்கம் அக்காலத்தில் அரிது. ஊரிலிருந்து கீழே சற்று நடந்தால், பயஸ் திருமுழுக்குப் பெற்ற பழைய கொர்சின்யானோ தேவாலயம் வரும். அதன் வாசல் மேலே செதுக்கியிருக்கும் இரட்டை வால் கடற்கன்னியைத் தவறவிடாதீர்கள்.

தெருவில் நடக்கும்போதே பெக்கொரினோ என்னும் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியின் வாசனை வந்துவிடும். குத்தகை விவசாயிகள் நிலத்தை விட்டு நகரங்களுக்குப் போன காலத்தில் சார்டீனியா தீவிலிருந்து இடையர்கள் மந்தைகளோடு இங்கே குடியேறினார்கள். இன்று வரை இத்தொழில் செழித்திருப்பதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. இளசு, நடுத்தரம், நன்கு முதிர்ந்தது என மூன்றையும் கேட்டு ருசி பாருங்கள். அக்ரூட் இலையில் சுற்றியும் சாம்பல் பூசியும் பதப்படுத்திய கட்டிகள் அலமாரிகளில் அடுக்கியிருக்கும். சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மரபான பெக்கொரினோவில் பாலை உறையவைப்பது ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். அவர்களுக்குப் பொருத்தமானது பிச்சி என்ற கையால் உருட்டிய தடித்த பாஸ்தா. பெரும்பாலும் மாவும் நீரும்தான். பூண்டும் தக்காளியும் சேர்ந்த ஆல்யோனே சாறில் அது மிக நன்றாக இருக்கும்.

அருகிலுள்ள இடங்களில் என் முதல் தேர்வு பான்யோ வின்யோனி. ஊரின் நடுவே சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய வெந்நீர்க் குளம் இருக்கிறது. குளிர்ந்த காலையில் வீடுகளின் சுவர் வரை ஆவி பரவும். பியன்சாவிலிருந்து தெரியும் அதே அமியாட்டா எரிமலையாக இருந்து அணைந்தது. அதன் வெப்பமே இந்த ஊற்றைச் சூடாக்குகிறது. குளத்தில் இறங்கக் கூடாது. வழிந்தோடும் வாய்க்காலில் கால் நனைக்கலாம். அந்த நீர் மலைச்சரிவில் விழும் இடத்தில் பாறையைக் குடைந்து மாவு ஆலைகள் அமைத்திருந்தார்கள். கோடையில் ஆறுகள் வற்றினாலும் ஊற்று வற்றாததால் அவை தொடர்ந்து ஓடின.

மோன்டெபுல்ச்சானோவுக்குப் போனால், மலைமேல் இருக்கும் ஊருக்கு முன்பே, கீழே தனியாக நிற்கும் சான் பியாஜியோ தேவாலயத்தைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் மூத்த அந்தோனியோ தா சங்கால்லோ 1518இல் கட்டத் தொடங்கியது. மோன்டிக்கியெல்லோ என்ற குக்கிராமத்தில் 1967 முதல் கோடைதோறும் ஊர் மக்களே தங்கள் வாழ்க்கையை நாடகமாக எழுதி நடிக்கிறார்கள்.

மே மாதம் மிகச் சிறந்தது. கோதுமை வயல்கள் பச்சையாக இருக்கும். ஜூலையில் அறுவடை முடிந்து நிலம் பொன்னிறமாகிவிடும், வெயிலும் கடுமை. பியன்சாவில் ரயில் நிலையம் கிடையாது. சியெனாவிலிருந்து பேருந்தில் வரலாம். புளோரன்ஸ்–ரோம் பாதையிலுள்ள கியூசி நிலையத்தில் இறங்கி, மோன்டெபுல்ச்சானோ வழியாகவும் வரலாம். வாடகைக் கார் எடுத்தால் நம் நாட்டு உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பழைய ஊர்களுக்குள் வெளியார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, கேமராவும் உண்டு, ஆகவே மதிலுக்கு வெளியே நிறுத்திவிடுங்கள். பேருந்தை நம்பி வருவதானால், ஞாயிற்றுக்கிழமைகளில் சேவை மிகக் குறைவு என்பதால், வந்து சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் வார நாட்களில் வைத்துக்கொள்வது நல்லது.